தெற்கே பதினேழு டிகிரி

செங்கல்பட்டில் நல்ல பித்தளை ஸ்க்ரூ கிடைப்பது கஷ்டம். பித்தளை என்று சொல்லித்தான் தருவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மஞ்சள் முலாம் பூசிய இரும்பாக இருக்கும். அதனால் நான் கைப்பையில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துக்கொண்டு மூன்று ஹார்டுவேர் கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர், "இன்னாமா, காந்தம்லாம் வெச்சிப் பாக்கறே? ஸ்க்ரூ வாங்கறியா, தாலி வாங்கறியா?" என்று கேட்டார். காந்தத்தில் ஒட்டாத எட்டைப் பொறுக்கி எடுத்தேன். தேவை நான்குதான். தொலைந்தால் இன்னொரு முறை வர முடியாது என்பதால் எட்டு.

ரோகிணி மேடம், இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், அந்த வேலையை நான் எவ்வளவு கவனமாகச் செய்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். விசாரணை முடியும்போது, "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்கள் ஃபைலில் ஒரு பக்கம் இருக்கும். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பம். அப்பா கடலுக்குப் போனவர், இப்போது இல்லை. அம்மா ஆதியம்மாள் காலையில் மீன் விற்றாள், மீன் இல்லாத நாளில் சித்தாள் வேலைக்குப் போனாள். தாலுகா ஆபீசில் முதல் தலைமுறைப் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கி, அதை வைத்து எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். எங்கள் தெருவில் இன்ஜினியர் என்றால் நான்தான். கம்பெனியில் எனக்கு வைத்த பெயர் டெக்னீஷியன்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செங்கல்பட்டுக்கு வெளியே ஏரியை ஒட்டி ஒரு ரன்வே, ஒரு தகரக் கொட்டகை, இரண்டு பேர் உட்காரும் ஒரு குட்டி விமானம். முதலாளி ராமானுஜம் சார். ஓட்டுபவர் ஏசுதாஸ் சார். மூன்றாவது கிரிஷ்: ராமானுஜம் சாரின் அக்கா மகன், வெளிநாட்டில் படித்தவன், என்னைவிட மூன்று வயது பெரியவன். கருவிகளுக்கு அவன் பொறுப்பு. கருவிகளைத் தொடுவது நான்.

எங்கள் வேலை கடலைப் படம் எடுப்பது. தை, மாசியில் செத்து மிதக்கும் ஆமைகள், அறுந்து போன வலைகள், எண்ணெய்ப் படலம் — எது எங்கே இருக்கிறது என்று இடத்தின் நம்பரைக் கொடுக்க வேண்டும். கல்பாக்கத்தை நெருங்கிப் பறக்கக் கூடாது, அணு உலைக்காகத் தடை இருக்கிறது. அதனால் தடைக் கோட்டுக்கு வடக்கேயே இருந்துகொண்டு, மூக்கில் வைத்த கேமராவால் தெற்கே எட்டிப் பார்ப்போம். கேமரா ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் ஒன்றைப் பார்த்தால், அது இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும்.

அந்தக் கணக்கு சரியாக வரவில்லை. காரணம் எளிது. ஜி.பி.எஸ். விமானம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லும். மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. பக்கக் காற்றில் படகு ஓட்டியவர்களுக்கு இது புரியும். அணியம், அதாவது படகின் மூக்கு, ஒரு பக்கம் பார்க்கும், படகு வேறு பக்கம் போகும். கேமரா மூக்கில் இருக்கிறது. மூக்கின் திசை தெரிய வேண்டும் என்றால் காந்தத் திசையைப் பார்க்கும் சென்சார் ஒன்றை விமானத்தில் வைத்து, அதைக் கணக்குப் போடும் கம்ப்யூட்டரோடு இணைக்க வேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. அதை வைக்கலாம் என்று முதலில் சொன்னதே நான்தான். ராமானுஜம் சாருக்குப் போன மெயிலில் கிரிஷின் பெயர் இருந்தது. அது பரவாயில்லை. அப்போது பரவாயில்லை என்றுதான் நினைத்தேன்.

இடது இறக்கையின் நுனியில் வைத்தேன். அங்கே இரும்பு இல்லை, மோட்டார் இல்லை, மின்சார வயர் ஒன்றே ஒன்றுதான்; அதையும் முறுக்கி ஒதுக்கினேன். நான்கு பித்தளை ஸ்க்ரூ. அப்பா படகில் காம்பஸ் பெட்டி இருக்கும் பலகையில் வெட்டுக்கத்தியைக்கூட வைக்க விட மாட்டார். "பெட்டிக்கு இரும்பைக் கண்டா பைத்தியம் புடிச்சிடும்" என்பார். நான் கல்லூரியில் படித்ததும் இதேதான், ஆறு பக்கம் அதிகமாக.

சென்சாரை வைத்தால் மட்டும் போதாது. விமானத்தைத் தரையில் பன்னிரண்டு திசைக்கும் திருப்பித் திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு திசையிலும் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்விங் என்பார்கள். அதைச் செய்யும் இடத்தில் பூமியின் காந்தத்தைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

கிரிஷ் கொட்டகைக்கு முன்னால் இருக்கும் கான்கிரீட் தளத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தான்.

"சார், இந்தத் தளத்துக்கு அடியில கம்பி இருக்கு. இதுமேல எடுத்தா கணக்கு தப்பா வரும். ரன்வே முனையில மண்ணு தரை இருக்கு, அங்க தள்ளிட்டுப் போயிடலாம்" என்றேன்.

"கம்பி இல்ல. ட்ராயிங் பார்த்துட்டேன். வெறும் கான்கிரீட்னுதான் போட்டிருக்கு. உனக்கு யார் சொன்னா?"

"எங்கம்மா சொன்னாங்க."

நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தளம் போட்டபோது அம்மா அங்கே ஜல்லி சுமந்தாள். ஏரி மண் இளகும் என்று மேஸ்திரி கடைசி நேரத்தில் இரண்டு அடுக்குக் கம்பி கட்டச் சொன்னார். ட்ராயிங்கை யாரும் திருத்தவில்லை. கட்டுக்கம்பி குத்திய வடு அம்மாவின் இடது பாதத்தில் இன்னும் இருக்கிறது. இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கிரிஷ் சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். நல்ல ஜோக் கேட்டவன் சிரிக்கிற மாதிரி.

"அம்மா சொன்னாங்களா. சரி, அப்போ அம்மாவையே கையெழுத்துப் போடச் சொல்லிடலாமா?"

ராமானுஜம் சாரும் புன்னகைத்தார். ஏசுதாஸ் சார் மட்டும் தளத்தைக் குனிந்து பார்த்தார்.

ஸ்விங் அங்கேயேதான் நடந்தது. இறக்கையைப் பிடித்துத் திருப்பியது நான். அறிக்கையில் கிரிஷ் கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால், "சங்கவி, அம்மாகிட்ட கேட்டாச்சா?" மழை வருமா என்றால், "அம்மா என்ன சொல்றாங்க?" நான் சிரித்தேன். ஒவ்வொரு முறையும் சிரித்தேன். அதை எண்ணிக்கொண்டும் இருந்தேன், முப்பத்தோரு முறை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் யாரும் இல்லை. சாவி என்னிடம் இருக்கும். அம்மாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். விமானத்தை நாங்கள் இரண்டு பேரும் ரன்வே முனைக்கு, மண் தரைக்குத் தள்ளினோம்.

"இன்னாடி இது, காத்தாடி மாதிரி உருளுது" என்றாள் அம்மா. "நம்ம படகத் தள்றதுக்கு எட்டு ஆம்பளைங்க வோணும். இதுலயா உங்க சாருங்க பறக்கறாங்க? பயமா இல்லியா அவங்களுக்கு?"

அப்பாவின் பழைய காம்பஸ் பெட்டியைக் கொஞ்சம் தள்ளித் தரையில் வைத்து, நூல் பிடித்து, பன்னிரண்டு திசைக்கும் விமானத்தைத் திருப்பினேன். அம்மா வாலைப் பிடித்துத் தள்ளினாள். ஒவ்வொரு திசையிலும் சென்சார் என்ன சொல்கிறது என்று நோட்டில் எழுதினேன். கிழக்கிலும் மேற்கிலும் பிழை கிட்டத்தட்ட இல்லை. ரன்வே கிழக்கு மேற்காகத்தான் இருக்கிறது. ஆகவே கிளம்பும்போதும் இறங்கும்போதும் எல்லாம் சரியாகவே தெரியும். தெற்கைப் பார்த்தால் மட்டும் பதினேழு டிகிரி தப்பு. எங்கள் கேமரா பார்ப்பதே தெற்கைத்தான்.

"இதை அந்தப் புள்ளகிட்ட காட்டுவியா?" என்று அம்மா கேட்டாள்.

"காட்டுவேம்மா."

"கோவமா காட்டாத. நல்லபடியா சொல்லு. அவனும் வேல கத்துக்கிற புள்ளதானே."

காட்டியிருக்கலாம். திங்கட்கிழமை காலை மேஜைமேல் நோட்டை வைத்திருந்தால் அரை நாள் வேலை. மறுபடி ஸ்விங், மறுபடி கையெழுத்து, முடிந்தது. கிரிஷ் "ஓ, ஓகே" என்றிருப்பான். அந்த "ஓ, ஓகே"தான் எனக்குப் போதவில்லை. மாதக் கடைசியில் இருபத்தெட்டாம் தேதி வேலை கொடுத்த அதிகாரிகள் வருவதாக இருந்தது. விமானம் பறக்கும், கிரிஷ் திரையைக் காட்டி விளக்குவான், அப்போது யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள், நான் நோட்டை எடுப்பேன். எல்லோர் முன்னாலும், "எங்கம்மா சொன்னாங்க சார்" என்று சொல்வேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதுவரைக்கும் இருபது நாள். ஆமைகள்தானே, செத்த ஆமைக்கு ஒன்றரை கிலோமீட்டர் இந்தப் பக்கம் இருந்தால் என்ன, அந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று இருந்தேன்.

நடுவில் ஆமை எண்ணும் ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். "நீங்க சொன்ன எடத்துல மண்ணுதான் சார் கீது. வெயில்ல ரெண்டு கிலோமீட்டர் நடந்தோம்." அலை இழுத்திருக்கும் என்றான் கிரிஷ். நான் பக்கத்தில்தான் நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஏசுதாஸ் சார் ஒருநாள் இறங்கியதும், "சங்கவி, தெக்கால திரும்புனா பழைய காம்பஸ் ஒண்ணு சொல்லுது, புதுசு ஒண்ணு சொல்லுதே?" என்றார். விமானத்தோடு வந்த பழைய காம்பஸில் திரவம் கசிந்து பாதிதான் இருந்தது. "பழசு பழசுதானே சார்" என்றேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவர் கேட்டது பழைய காம்பஸைப் பற்றி. சென்சாரைப் பற்றி அல்ல. அப்படித்தான் அன்றைக்கு வைத்துக்கொண்டேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஏசுதாஸ் சாரும் கிரிஷும் ஆமை வேலையாகக் காலையிலேயே மேலே போயிருந்தார்கள். கொட்டகையில் நானும் ராமானுஜம் சாரும். கேமரா பார்ப்பது என் முன்னால் இருந்த லேப்டாப்பிலும் தெரியும். ஒன்பதே முக்காலுக்கு ராமானுஜம் சாருக்குப் போன் வந்தது. நெம்மேலி பக்கத்துக் குப்பத்திலிருந்து விடியற்காலையில் போன ஒரு ஃபைபர் படகைக் காணவில்லை, இரண்டு பேர், தண்ணீர் தெற்கே இழுக்கிறது, உங்கள் விமானம் மேலே இருந்தால் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள். சார் உடனே ரேடியோவில் சொன்னார். அந்த மனிதருக்கு அதில் ஒரு நொடித் தயக்கம் இல்லை. அதையும் எழுத வேண்டும்.

பத்து இருபதுக்குப் பார்த்துவிட்டார்கள். தடைக் கோட்டுக்கு அப்பால், தெற்கே, வெள்ளையாக ஒரு படகின் அடிப்பாகம். அதன்மேல் இரண்டு புள்ளி. ஒரு புள்ளி கையை ஆட்டியது. கிரிஷின் குரல் உடைந்து கேட்டது: "இருக்காங்க! ரெண்டு பேரும் இருக்காங்க! நம்பர் வந்துச்சா?"

வந்தது. திரையில் கம்ப்யூட்டர் கணக்குப் போட்ட இடம் வந்தது. ராமானுஜம் சார் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "படிம்மா, படிம்மா" என்றார். படித்தேன். ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி, தெளிவாகப் படித்தேன். சிக்னல் சரியாகக் கிடைக்கவில்லை என்று அவர் வெளியே ஓடிப்போய் அதையே போனில் திருப்பிச் சொன்னார்.

நான் நோட்டை எடுத்தேன். பதினேழு டிகிரி. ஐந்து கிலோமீட்டர். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. உண்மையான இடம் ஒன்றரை கிலோமீட்டர் கிழக்கே, கடல் பக்கம். பேப்பரில் எழுதினால் யாராவது பார்ப்பார்கள் என்று இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

அலை இருக்கும் கடலில் ஒன்றரை கிலோமீட்டர் என்ன தூரம் என்று எனக்குத் தெரியும். படகில் நிற்பவனுக்கு நூறு, இருநூறு மீட்டருக்கு அப்பால் மனிதத் தலை தெரியாது. எனக்கு இன்னொன்றும் தெரியும். எங்கள் ஆட்கள் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கிடப்பார்கள். அப்பா ஒரு தடவை ஒன்பது மணி நேரம் கிடந்தார். ஆகவே அவசரம் இல்லை என்று கணக்குப் போட்டேன். படகுகள் அந்த இடத்துக்குப் போகட்டும். யாரும் இல்லை என்று சொல்லட்டும். கிரிஷ் இறங்கி வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கட்டும். அப்போது கையைத் திறந்து காட்டுவேன். அரை மணி நேரம். நான் கேட்டது அரை மணி நேரம்தான். இருபத்தெட்டாம் தேதிக்குப் பதிலாக இன்றைக்கு. அதிகாரிகளுக்குப் பதிலாக இரண்டு உயிர். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. மேடம், இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பெட்ரோல் குறைந்ததால் விமானம் திரும்பியது. அதற்குள் கடல்மேல் புகை மாதிரி மூடுபனி கவிந்துவிட்டது. கிரிஷ் இறங்கியபோது ராமானுஜம் சார் அவனைக் கட்டிப்பிடித்தார். குப்பத்திலிருந்து ஐந்து படகு கிளம்பிவிட்டது, ஐந்தும் நம் நம்பருக்கே போகிறது என்றார். சென்சார் வாங்கியது வீண்போகவில்லை என்றார். கிரிஷ் அழுதுகொண்டிருந்தான். அந்த நேரத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதினொன்றே காலுக்கு முதல் படகு அங்கே போய்ச் சேர்ந்தது. ஒன்றும் இல்லை. தண்ணீர் இழுத்திருக்கும் என்று தெற்கே தேடினார்கள். யாருக்கும் கிழக்கே போகத் தோன்றவில்லை. நம்பர் இருக்கிறதே. நாங்கள் நம்பரே கொடுக்காமல் இருந்திருந்தால் ஐந்து படகும் ஐந்து பக்கம் போயிருக்கும். ஒன்றாவது அவர்கள்மேல் மோதியிருக்கும். விமானம் பெட்ரோல் போட்டுக்கொண்டு மறுபடி ஏறியது. மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். ஆனால் அப்போது சொன்னால், ஏன் பத்தரைக்குச் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அரை மணியில் சொன்னால் நான் கெட்டிக்காரி. ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னால் குற்றவாளி. நடுவில் எந்த நிமிஷத்தில் ஒன்று இன்னொன்றாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். உள்ளங்கை வேர்த்து எண்கள் கலைந்தபோது, பேனாவால் மறுபடி அவற்றின்மேலேயே எழுதினேன். அழித்துவிடவில்லை என்பதை என் பக்கத்து நியாயமாக ரொம்ப நாள் வைத்திருந்தேன். யாராவது வந்து என் கையைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் என்னைக் கேட்கவில்லை.

மாலை நாலு பத்துக்கு, கரைக்குத் திரும்பிய விசைப்படகு ஒன்று அவர்களை மோதாத குறையாகப் பார்த்தது. ஒருவர் இருந்தார், பூவராகவன், நாற்பத்தைந்து வயது. அவர் மனைவியின் தம்பி லோகு இல்லை. லோகுவுக்கு இருபத்தாறு. பூவராகவனை ஏற்றிய இடத்தை ராமானுஜம் சார் போனில் கேட்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். அத்தனை மணி நேரத் தண்ணீர் இழுப்பைக் கழித்தால் என் கையில் இருந்த அதே இடம்.

அப்போது எனக்கு வந்தது துக்கம் அல்ல, மேடம். சரியாகப் போட்டிருக்கிறேன் என்று ஒரு சந்தோஷம். ஒரு நொடிதான். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. ஆனால் முதலில் வந்தது அது.

லோகு மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். ஆமை எண்ணப் போனவர்கள்தான் பார்த்தார்கள்.

அவன் வீட்டுக்கு அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். தூரத்து உறவு இல்லாத குப்பம் எங்கள் பக்கத்தில் கிடையாது. லோகுவின் மனைவி ஸ்ரீதேவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பூவராகவன் உப்பில் வெந்த உதட்டோடு வந்தவர்களுக்கெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏரோப்ளேன் தூரத்துல கொசு மாதிரி வந்துச்சி. மூக்க எங்க பக்கமே வெச்சிக்கினு நின்னுச்சி. அப்பால ரெக்கைய ரெண்டு பக்கமும் ஆட்டிக் காட்டிச்சி. லோகு சொன்னான், மச்சான், பாத்துட்டாங்க மச்சான், இன்னும் அரை மணியில போட்டு வந்துடும், நாஸ்தாவே கரையிலதான்னு சொன்னான். அந்த அரை மணிக்குத்தான் அவன் கைய விடாம புடிச்சிக்கினு இருந்தான். உச்சிப் பொழுது தாண்டுன பின்னாடிதான், அவங்க வரமாட்டாங்க மச்சான்னு சொன்னான். அப்பால விட்டுட்டான்."

அரை மணி. நான் கேட்டதும் அதேதான்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள். "கம்பி மேல வெச்சி எடுத்தாங்களே, அதானேடி? நீ நோட்டுல எய்தினியே. அவங்க கையில சொன்னியா இல்லியா?"

"சொன்னேம்மா. யாரும் கேக்கல."

அம்மா அதை நம்பினாள். நம்பியது மட்டுமில்லை, குப்பம் குப்பமாகச் சொன்னாள். "எம்பொண்ணு தலபாடா அடிச்சிக்கிச்சி. படிச்ச திமிருல அவனுங்க காதுல வாங்கல." ஸ்ரீதேவி என் இரண்டு கையையும் பிடித்து, "நீயாச்சும் சொன்னியேக்கா" என்று அழுதாள். அவள் பிடித்த கைகளில் ஒன்று அந்த இடது கை. மீனவர் சங்கத்தில் என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். உங்கள் விசாரணையில் அம்மா வந்து தளத்துக் கம்பியைப் பற்றிச் சொன்னாள், செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினாள். நீங்கள் ஆள் வைத்து ஒரு மூலையை உடைத்துப் பார்த்தீர்கள். இரண்டு அடுக்குக் கம்பி. எழுதிக்கொண்டீர்கள்: உதவியாளர் எச்சரித்தும் பொறுப்பாளர் கேட்கவில்லை.

கிரிஷ் எழுந்து, "பொறுப்பு முழுக்க என்னுடையது" என்றான். என்னை ஒரு முறை பார்த்தான். அவன் அடுத்த வாக்கியத்தைச் சொல்லுவான் என்று காத்திருந்தேன். உட்கார்ந்துவிட்டான். இப்போது சிறுசேரியில் ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. அவன் நாற்காலி எனக்கு வந்தது. விமானத்தை மண் தரைக்குத் தள்ளிக்கொண்டு போய் மறுபடி ஸ்விங் எடுத்தது நான். அறிக்கையில் இப்போது என் கையெழுத்து இருக்கிறது. பிழை எந்தத் திசையிலும் ஒரு டிகிரியைத் தாண்டவில்லை. பழைய எட்டில் மீதி நான்கு பித்தளை ஸ்க்ரூ என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

இதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை என்று மூன்று இடத்தில் வந்திருக்கிறது. அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும். ஒப்புக்கொள்ள உட்கார்ந்த பிறகும் அது எவ்வளவு சுலபமாகக் கையிலிருந்து வருகிறது என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

நான் மேலே எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பத்து இருபத்தாறு. ராமானுஜம் சார் வெளியே போனோடு இருந்தார். ஏசுதாஸ் சார் மேலே வேறு சேனலில் பேசிக்கொண்டிருந்தார். என் உள்ளங்கையில் மை இன்னும் காயவில்லை. ரேடியோவில் கிரிஷ் என்னைக் கூப்பிட்டான். அவன் குரலில் சிரிப்பு இல்லை.

"சங்கவி, ஒண்ணு கேக்கணும். உங்கம்மா அந்தக் கம்பி இருக்குன்னு சொன்னாங்க இல்ல? அது நிஜமா இருந்தா இந்த நம்பர் தப்பா இருக்குமா? உனக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லு, ப்ளீஸ். நான் அப்போ கேட்டிருக்கணும்."

நான் கையை மூடிக்கொண்டேன்.

"நீங்க கையெழுத்துப் போட்டதுதானே சார்? சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

"தேங்க்ஸ், சங்கவி" என்றான்.